தோட்டம் தாமானாகும்போது ஓடை யாருக்குச் சொந்தம்?

மண்டபத்துச் சுவரோரம் பலகைகளை வரிசையாக நிறுத்தி வரைபடங்களை ஒட்டியிருந்தார்கள். உள்ளூர்த் திட்ட வரைவு, அதாவது மலேசியாவில் எந்த நிலம் எதற்கு என்று காட்டும் திட்டம். மலாயில் ரஞ்சாங்கான் தெம்பாத்தான். பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதற்காக வைத்திருந்தார்கள். நான் போனபோது இன்னொருவர் மட்டும்தான் இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய, முன்னாள் ரப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு பலகையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நம்ம தோட்டம் இதுல எங்க இருக்கு?"

காட்டினேன். முந்தைய திட்டத்தில் பச்சையாக இருந்த இடம் இப்போது ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. விவசாய நிலம் குடியிருப்பாகப் போகிறது என்று அர்த்தம். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டு, தாமான் எனும் புதுக் குடியிருப்புக்கு வந்து வருடக்கணக்காகிறது. கோயில் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. தமிழ்ப்பள்ளியும் இருந்தது. அப்புறம் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே, "இங்க ஒரு ஓடை போகும். அதுலதான் துணி துவைப்போம். அதக் காணோமே" என்றார்.

"எவ்வளவு அகலம் மாமா?"

"சின்ன வயசுல தாண்டிக் குதிப்போம்."

அவ்வளவு சின்ன ஓடையை அந்த அளவுள்ள வரைபடத்தில் காட்ட முடியாது என்பது சரிதான். ஆனால் வரைபடத்தில் இல்லாத ஓடை நிலத்தில் எத்தனை நாளைக்கு இருக்கும்? காடு, ஆறு, மண் என்று பேச்சு வந்தால் நாம் கூட்டரசு அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவைப் பற்றியும் வன இலாகாவைப் பற்றியும்தான் பேசுகிறோம். தோட்டம் நகரமாக மாறிக்கொண்டிருக்கும் ஊர்களில் பாதி விஷயம் இப்படியொரு மண்டபத்தில், வரைபடத்தின் நிறம் மாறும்போதே முடிந்துவிடுகிறது.

தோட்டம் தோட்டமாக இருந்தவரை இதற்கெல்லாம் ஒரே நிர்வாகிதான். எங்கே கான் (வடிகால்) வெட்டுவது, எந்த மேட்டைத் தொடாமல் விடுவது, எந்தக் குட்டையிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் ஏற்றுவது, எல்லாம் ஆபீசில் முடிவாகும். ஆபீசுக்கு முன்னால் மழைமானி வைத்திருந்த தோட்டங்கள் உண்டு. காலையில் அளந்து கணக்குப் புத்தகத்தில் ஏற்றிவிடுவார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை என்பதால் அது ஒரு வகையில் சம்பளக் கணக்கும்கூட. துரை காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. செம்பனை ஆலைக் கழிவு நேராக ஆற்றில் போய் விழுந்ததும் தோட்ட நிர்வாகத்தின் கண்ணெதிரில்தான். கச்சாச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்று 1977-ல் தனி விதிமுறைகள் வந்த பிறகுதான் அதற்குக் கடிவாளம் விழுந்தது. ஆனாலும் நல்லதோ கெட்டதோ, கான் அடைத்துக்கொண்டால் யாரைப் போய்க் கேட்பது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

தோட்டம் கைமாறித் துண்டானதும் அந்த ஒருவர் இல்லாமல் போகிறார். தோட்டத் துண்டாடல் நம் சமூகத்துக்குப் பழைய காயம். 1950-களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் சின்னச் சின்னத் துண்டுகளாகிக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்த நிலையில்தான், 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு தேசிய நிலச் சட்டத்திலும் 214ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாக்கி விற்க, தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்தப் போராட்டமெல்லாம் வேலைக்காகவும் வீட்டுக்காகவும் நடந்தது. ஓடையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பேசாததில் தப்பும் இல்லை, வயிறுதானே முதலில்.

சரி, அந்த ஓடை இப்போது யார் பொறுப்பு? நகராண்மைக் கழகம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பே அப்படித்தான் பிரித்திருக்கிறது. காடும் ஆறும் மாநிலத்துடையவை. கான், வெள்ளம் என்று வந்தால் வடிகால், நீர்ப்பாசன இலாகா, அதாவது ஜே.பி.எஸ். குழாய்த் தண்ணீருக்கு வேறு நிறுவனம். நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தமாக ஆறும் கிடையாது, காடும் கிடையாது. அதன் கையில் இருப்பது ஒரு கையெழுத்து: திட்ட அனுமதி, மலாயில் கெபெனாரான் மெரஞ்சாங்.

1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், சுருக்கமாகச் சட்டம் 172, தீபகற்ப மலேசியாவில் இதை வரையறுக்கிறது. மேலே நாடு முழுமைக்குமான தேசிய இடத் திட்டம், அடுத்து மாநிலத்தின் கட்டமைப்புத் திட்டம், அதற்குக் கீழே நாம் மண்டபத்தில் பார்த்த உள்ளூர்த் திட்டம். மேலே உள்ளவை பெரும்பாலும் கொள்கை பேசும். உள்ளூர்த் திட்டத்துக்கு வந்தால்தான் 'இந்த லாட் வீடு, அந்த லாட் தொழிற்சாலை' என்று ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் நிறம் விழும். நிறம் விழுந்த பிறகு வரும் திட்ட அனுமதி விண்ணப்பத்தை அந்த நிறத்தை வைத்துத்தான் எடைபோடுவார்கள். அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை போட அதிகாரம் உண்டு. என்னைக் கேட்டால் ஊராட்சியின், அதாவது நகராண்மைக் கழகம் போன்ற உள்ளூர் நிர்வாகத்தின், முழு பலமும் அந்த நிபந்தனைகளில்தான் இருக்கிறது.

அந்தக் கையெழுத்தைப் போடுபவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பது தனிக் கதை. 1965-ல் ஊராட்சித் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது. திரும்ப வேண்டுமா என்று ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976-ல் வந்த ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. ஓட்டுப் போட்டு மாற்ற முடியாத இடத்தில் உள்ளூர்த் திட்ட வரைவுக்குக் கருத்துக் கேட்கும் நாலு வாரம்தான் நமக்குக் கிடைக்கும் வாசல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தோட்ட நிலம் வீட்டு நிலமாக மாறும்போது நில அலுவலகத்தில் ஒரு காரியம் நடக்கும். செரா பாலிக், குர்னியா செமூலா என்பார்கள். உரிமையாளர் நிலத்தை மாநில அரசிடம் ஒப்படைத்து, புது எல்லைகளோடும் புதுப் பயன்பாட்டோடும் திரும்பப் பெறுகிறார். நூறு வருடமாகத் தனியாரிடம் இருந்த நிலம், காகிதத்தில் ஒரு நிமிடம் பொதுச் சொத்தாகிவிட்டுத் திரும்பிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை, கான், திடல், ஆற்றோர ஒதுக்கீடு என்று பொதுவுக்குச் சேர வேண்டியதைப் பிடித்துவைக்க அந்த நிமிடம்தான் வாய்ப்பு. தவறவிட்டால் பிறகு பணம் கொடுத்துத்தான் திரும்ப வாங்க வேண்டும். வீடு கட்டிய இடத்தில் ஆற்றுக்கரையை யார் வாங்கப் போகிறார்கள்?

ஆற்றோரம் எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு ஜே.பி.எஸ்.ஸின் வழிகாட்டி இருக்கிறது. ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலமென்றால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர். 20 முதல் 40 வரை என்றால் 40 மீட்டர். 10 முதல் 20 வரை 20 மீட்டர், 5 முதல் 10 வரை 10 மீட்டர். ஐந்து மீட்டருக்கும் குறைவென்றால் 5 மீட்டர். ஆக, பெரியவர் தாண்டிக் குதித்த ஓடைக்கும் கரைக்கு ஐந்தைந்து மீட்டர் உண்டு. வழிகாட்டி என்பது சட்டம் அல்ல என்பதுதான் சிக்கல். நிபந்தனையில் எழுதினால், அதிலும் தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின் கீழ் அரசிதழில் ஒதுக்கீடாக அறிவித்துவிட்டால் அதற்குப் பல் முளைக்கும். இல்லையென்றால் ஓடை சிமெண்டுக் கானாகும், கானுக்கு மேல் மூடி வரும், மூடிக்கு மேல் கார் நிற்கும்.

கரையில் அந்த ஐந்து மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். சாயங்காலம் இடியோடு கொட்டும் ஒரு மழைக்கு நம் ஊரில் 50 மில்லிமீட்டர் ஒன்றும் அதிசயமில்லை. ஆயிரம் வீடுள்ள தாமானில் கூரைகளிலிருந்து மட்டும் 50 லட்சம் லிட்டர். சாலையையும் சிமெண்டு போட்ட முற்றத்தையும் சேர்க்கவே இல்லை. தோட்டமாக இருந்தபோது இதில் நல்ல பங்கை மண் குடித்தது, புல் தடுத்தது, மிச்சம் மெதுவாக ஓடைக்கு வந்தது. இப்போது அத்தனையும் ஒரே நேரத்தில் கானுக்கு வருகிறது.

இதற்காகத்தான் ஜே.பி.எஸ். 2000-ஆம் ஆண்டில் மஸ்மா என்று சுருக்கமாகச் சொல்லும் சுற்றுச்சூழல் நட்பு வடிகால் கையேட்டைக் கொண்டுவந்தது. 2012-ல் இரண்டாம் பதிப்பு. அடிப்படை எளிது: கட்டடம் வந்த பிறகு அந்த நிலத்திலிருந்து பாயும் உச்ச நீரளவு, வருவதற்கு முன் இருந்ததை விடக் கூடக் கூடாது. மிச்சத்தை உள்ளேயே தேக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். புதிய தாமான்களின் பள்ளமான மூலையில் வேலி போட்டு, 'ஆழம், நீந்தாதே' என்று பலகை வைத்த குட்டையைப் பார்த்திருப்பீர்கள். வீடு வாங்கும்போது விற்பனையாள் அதை ஏரிக் காட்சி என்று சொல்வார். அது ஏரி இல்லை, மழைநீர்த் தேக்கக் குட்டை. வண்டல் வாராமல் விட்டால் பத்து வருடத்தில் கோரைப்புல் மண்டி, பாதித் தண்ணீர்கூடப் பிடிக்காது. கட்டியவர் ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு வண்டல் வாரும் செலவு யாருடையது என்பதை நிபந்தனையிலேயே எழுதிவிடுவது நல்லது.

பொதுவாகப் பேசுவதை விட ஒரு ஊரை எடுத்துக்கொண்டால் விளங்கும். பெஸ்தாரி ஜெயா. 2007-ல் பெயர் மாறியது. பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள இந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-ல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே நாட்டிலேயே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டது அங்கே. பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. தோட்டத்தை ஒட்டி ஈயம். ஈயக்கப்பல்கள் (ஈயமண்ணை அள்ளும் மிதவை இயந்திரங்கள்) மண்ணைக் கிளறிப் போட்டுப் போன இடமெல்லாம் குட்டைகள். 1985-ல் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு அந்தக் குட்டைகள் தூண்டில் போடுபவர்களுக்கு மட்டும் உதவின.

2014 தொடக்கத்தில் சிலாங்கூரில் கடும் வறட்சி. கிள்ளான் பள்ளத்தாக்கில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். அப்போது பெஸ்தாரி ஜெயா ஈயக்குட்டைத் தண்ணீரை இறைத்துச் சிலாங்கூர் ஆற்றில் விட்டது மாநில அரசு. கன உலோகம் கலந்திருக்குமே என்று அன்றே கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்விதான். ஆனாலும் யாரும் வேண்டாமென்று விட்ட குட்டை ஒரே வறட்சியில் நீர்ச் சேமிப்பாகிவிட்டது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்கும் போகும் குழாய்த் தண்ணீரில் ஏறத்தாழ 60 விழுக்காடு இந்த ஒரு ஆற்றை நம்பியிருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் குட்டைகளைத் தூர்த்து வீடு கட்ட ஆரஞ்சு நிறம் அடிப்பதா, நீர்நிலை என்று நீலத்தில் விடுவதா என்ற முடிவு ஒரு மாவட்டத்தின் முடிவு மட்டும் இல்லை.

அதே ஆறு கீழே கம்போங் குவாந்தானுக்குப் போகும்போது மின்மினிப் பூச்சிக்கு வீடாகிறது. இரவில் பெரெம்பாங் மரம் முழுக்க ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். பார்ப்பவர்கள் மரத்தைத்தான் பார்க்கிறார்கள். பூச்சியின் புழுப் பருவம் மரத்தில் இல்லை. கரைக்குப் பின்னால் உள்ள ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் உள்ள நிலத்தை வழித்துச் செம்பனை போட்டால், சில வருடத்தில் மரம் இருக்கும், மின்னல் இருக்காது. சிலாங்கூர் நீர் மேலாண்மை வாரியத்தின் சட்டத்தின் கீழ் 2009-ல் அந்த ஆற்றோரம் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே உள்ளூர்த் திட்டமும் மாநிலச் சட்டமும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்த மாதிரி இருக்கின்றன. அப்படி அமைவது அபூர்வம்.

தண்ணீர் இங்கிருந்து போகிறது, குப்பை இங்கே வருகிறது. இதே மாவட்டத்தில் ஜெராமிலும், பக்கத்து உலுசிலாங்கூரில் பழைய தோட்ட நிலமான புக்கிட் தாகாரிலும் பெரிய குப்பை நிலங்கள் இருக்கின்றன. கோலாலம்பூரின் குப்பை 2005 முதல் புக்கிட் தாகாருக்குப் போகிறது. தோட்ட நிலம் தலைநகரத்தின் கண்ணுக்கு எப்போதும் காலி நிலம்தான். அங்கே லயம் இருந்தாலும், கோயில் இருந்தாலும். வடக்கே உள்ள ராஜா மூசா சதுப்புக் காடும் அப்படித்தான் பார்க்கப்பட்டது. கான் வெட்டித் தண்ணீரை வடித்ததும் கரிமண் காய்ந்து மண்ணுக்கடியில் தீப்பிடித்தது. வெட்டிய கானையெல்லாம் மறுபடி அடைத்து மரம் நடும் வேலை 2008 முதல் நடக்கிறது.

இனி எல்லைப் பிரச்சினை. நகராண்மைக் கழகத்தின் வரைபடம் அதன் எல்லையோடு முடிந்துவிடும், ஆறு முடியாது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கோங் ஆற்றில் கலந்த தொழிற்சாலைக் கழிவு கீழே வந்து, சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளையும் நிறுத்தவைத்தது. ஆயிரத்துக்கும் அதிகமான பகுதிகளில் குழாய் வறண்டது. அதற்கு முன்பு, 2018-ல், சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் கோலலங்காட்டில் ஜெஞ்சாரோம் சுற்றுவட்டாரச் செம்பனை நிலங்களுக்கு இடையே உரிமமில்லாத மறுசுழற்சித் தொழிற்சாலைகள் முளைத்தன. இரவில் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் தாங்காமல் ஊர்மக்களே புகார்களோடு அலைந்த பிறகுதான் மூடல் நடவடிக்கை வந்தது. வரைபடத்தில் பச்சை என்பதற்காக நிலத்தில் செம்பனைதான் நிற்கும் என்று இல்லை. நிறம் அடிப்பது பாதி வேலை; அந்த நிறத்துக்கு மாறாக என்ன நடக்கிறது என்று லோரிப் பாதையில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் அங்கே காய் வெட்டப் போகிறவர்தான்.

வீட்டளவில் ஊராட்சி செய்யக்கூடியதும் உண்டு. மழைநீர்த் தொட்டியைக் கட்டட விதிகளில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், ஆனால் அது 100 சதுர மீட்டருக்கு மேல் கூரையுள்ள தனி வீடு, இரட்டை வீடு, பெரிய கட்டடம் போன்றவற்றுக்கு. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள் அதில் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், கூரைத் தண்ணீரைத் தகரப் பீப்பாயில் பிடித்துப் பாத்திரம் கழுவிய பழக்கம் லயத்துக்காரர்களுடையது. பெட்டாலிங் ஜெயாவில் 2011 முதல், மழைநீர் பிடிப்பது, சமையல் கழிவை உரமாக்குவது போன்றவற்றுக்கு மதிப்பீட்டு வரியில் தள்ளுபடி கொடுக்கிறார்கள். பின்கட்டில் முருங்கையும் வாழையும் வைத்து, அரிசி கழுவிய தண்ணீரை அதற்கே ஊற்றும் நம் பாட்டிமார்களுக்கு அந்தக் கணக்கில் எத்தனை வருடத் தள்ளுபடி பாக்கி என்று போட்டுப் பார்க்கலாம்.

மரத்துக்கும் சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சட்டம் 172-ல் 1995-ல் சேர்த்த பகுதி அது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டும் மரத்தை ஊராட்சியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. பட்டுப்போன மரம், ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு. குறுக்களவில் ஒரு சாண் சொச்சம்தான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற மழைமரமெல்லாம் இதற்குப் பல மடங்கு. தனியாக ஒரு மரத்தையோ தோப்பையோ பாதுகாப்பு ஆணையின் கீழ் கொண்டுவரவும் ஊராட்சியால் முடியும். பழைய பிரட்டுக்களத்து மரத்துக்கு அப்படியொரு ஆணை கேட்டு யாராவது கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும். புல்டோசர் வந்து நின்ற பிறகு எழுதும் கடிதத்துக்குப் பலன் குறைவு.

கடிதம் என்றதும் அந்த நாலு வாரம். உள்ளூர்த் திட்ட வரைவைக் காட்சிக்கு வைக்கும்போது, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆட்சேபம் எழுதியவர் நேரில் வந்து பேச விரும்பினால் கேட்டுக்கொள்ளலாம். விசாரணைக் குழு கேட்கும். 'வளர்ச்சி வேண்டாம்' என்று எழுதும் கடிதம் கோப்பில் போய்த் தூங்கும். லாட் எண், இடம், என்ன இருக்கிறது, என்ன நிபந்தனை வேண்டும் என்று எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். கோயிலுக்கும் பள்ளிக்கும் நாம் அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறோம், அதனால்தான் இரண்டும் வரைபடத்தில் இருந்தன.

நான் அன்றைக்குப் போனது கடைசி நாளுக்கு முந்தின நாள். அதற்கு முன்பே போயிருக்கலாம். சோம்பல்தான், வேறு காரணம் இல்லை. மேசையில் இருந்த பாரத்தை எடுத்து, பெரியவர் சொல்லச் சொல்ல மலாயில் எழுதினேன். இடம் எது என்ற கட்டத்தில், "பழைய ஆயாக் கொட்டகைக்குப் பின்னால, மூணாம் நம்பர் காட்டுக்குப் போற பாலத்துக்குக் கீழ" என்றார். அதை அப்படியே எழுதி, கைப்பேசியில் பார்த்து லாட் எண்ணையும் சேர்த்தேன். வேண்டுகோள்: ஓடையைத் திட்டத்தில் குறிக்க வேண்டும், கரைக்கு ஐந்து மீட்டர் ஒதுக்க வேண்டும். விசாரணைக்கு நேரில் வர விருப்பமா என்ற கட்டத்தைக் காட்டினேன். 'ஆம்' என்பதில் தானே பேனாவை வாங்கி அடையாளம் போட்டார். கையெழுத்தையும் போட்டுவிட்டு, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.